அலுவலக நேரத்தில் அசையாத சைக்கிள்கள்

உலக மிதிவண்டி வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத் தக்க நாட்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் இரண்டு சக்கரங்களை ஒரு கட்டையில் கோத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்து, கீழே விழுந்த நாள். மற்றது, வெள்ளேரிப்பாக்கம் நகராட்சியின் குளிரூட்டப்பட்ட கூட்ட அரங்கில் தீர்மானம் எண் 214 ஒருமனதாக நிறைவேறிய நாள்.

இனி இந்த ஊர் ‘மிதிவண்டி நேய நகரம்’ என்று அழைக்கப்படும் என்பது தீர்மானம். முப்பத்து மூன்று உறுப்பினர்களும் மேசையைத் தட்டினார்கள். முந்திரி பக்கோடா வந்தது. பக்கோடா முடிந்ததும் முப்பத்து மூன்று பேரும் கீழே இறங்கி, ஒருவர் காரை இன்னொருவர் கார் மறித்து நின்றதற்காக ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் கலைந்தார்கள்.

வெள்ளேரிப்பாக்கம் தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து மேற்கே உள்வாங்கி இருக்கிறது. ‘ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு மிக மிக அருகில்’ என்று சொல்லி மனை விற்ற ஊர். அந்த மிக மிக அருகு நாலு கிலோமீட்டர்.

தீர்மானத்தின் மூளை ஆணையர் பத்ரிநாராயணன். சைக்கிள் பயன்பாட்டை வளர்ப்பது பற்றி ஒரு மூன்று நாள் பயிலரங்குக்கு அவர் போயிருந்தார். விமானத்தில் போய், விமான நிலையத்திலிருந்து காரில் கடற்கரை விடுதிக்குப் போய், சைக்கிளைப் பற்றி நானூறு படங்கள் பார்த்துவிட்டு, காரிலும் விமானத்திலும் திரும்பினார். திரும்பியவர் வேறு மனிதராக இருந்தார். “கார்பன்” என்ற சொல்லைச் சொல்லும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் வேலையாக ஏரிக்கரைச் சாலையின் இடது ஓரத்தில், ஐந்தடி அகலத்துக்கு, இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கப்பட்டது. இருபதடிக்கு ஒரு வெள்ளை சைக்கிள் படம். பெயிண்ட் காய்வதற்குள் அதன்மேல் கார்கள் வந்து நின்றன. இவ்வளவு நாள் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தவித்தவர்களுக்கு நகராட்சியே கோடு போட்டுக் கொடுத்ததாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கார் நிற்காத இடத்தில் தண்ணீர் லாரி. லாரி நிற்காத இடத்தில் மெத்தை விற்பவர். யாருமே நிற்காத இடத்தில், மிதிவண்டிப் பாதை தந்த ஆணையருக்கு நன்றி சொல்லும் பேனரின் கால்கள், பாதைக்குள்ளேயே குழி தோண்டி நடப்பட்டிருந்தன.

இனி சைக்கிள் ஓட்டுபவர்களைப் பார்ப்போம். கூட்ட அரங்கில் யாருக்கும் அவர்களைத் தெரியாது. அதற்காக யாரையும் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் விடிவதற்கு முன்பு போய்விடுகிறவர்கள்.

ஸ்டேஷனுக்கு வெளியே, நகராட்சி எல்லைக்குள், சாலையோரமாக ஒரு பழைய கம்பிவேலி. அதில் தினம் காலை ஐந்து மணிக்குள் ஐம்பத்தெட்டு சைக்கிள்கள் வந்து சேர்ந்துவிடும். எல்லாருக்கும் ஐந்து பதினைந்து ரயில். ஓட்டலில் மாவரைப்பவர்கள், அடுக்குமாடிக் காவலர்கள், லேத் பட்டறைக்காரர்கள், ஆஸ்பத்திரி துடைப்பவர்கள். வேலியில் யாரும் இடம் ஒதுக்கித் தரவில்லை; ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு கம்பி உண்டு. ஒரு நாள் ஒருவர் வரவில்லை என்றால் அந்தக் கம்பி காலியாகவே இருக்கும். அதில் இன்னொருவர் கட்ட மாட்டார்.

கன்னியம்மாவின் கம்பி முருங்கை மரத்திலிருந்து நாலாவது. அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, காலை ஆறு மணி ஷிப்ட். அங்கே கட்டைவிரல் வைக்கும் மிஷின் ஒன்று இருக்கிறது. ஆறு ஐந்துக்குமேல் விரல் வைத்தால் தாமதம். மாதத்தில் மூன்று தாமதமானால் ஒப்பந்தக்காரர் அடுத்த மாதம் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார். காரணம் கேட்கிற வழக்கம் மிஷினுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. காலை ஆறு மணிக்கு முன்னால் வெள்ளேரிப்பாக்கத்திலிருந்து பஸ்ஸும் கிடையாது, ஷேர் ஆட்டோவும் கிடையாது. ஆகவே கன்னியம்மாவின் வேலை என்பது கன்னியம்மாவின் சைக்கிள்தான்.

அந்த சைக்கிள் அரசு கொடுத்தது. மகள் சத்யபிரியா பதினோராம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்தில் வந்த விலையில்லா மிதிவண்டி. செயின் கவரில் வெள்ளை பெயிண்டில் ‘எஸ். சத்யபிரியா, 11-இ’ என்று அவளே எழுதிக்கொண்டாள். அவள் கல்லூரிக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்ததும் சைக்கிள் அம்மாவுக்கு வந்தது. முப்பத்தொன்பது வயதில், ஏரிக்கரை மைதானத்தில், மகள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, கன்னியம்மா ஓட்டக் கற்றுக்கொண்டாள். இரண்டு முறை முள்வேலியில் விழுந்தாள். மூன்றாவது வாரம் ஸ்டேஷனுக்கு ஓட்டினாள். அன்றிலிருந்து ஒரு நாள்கூட மிஷின் அவளைத் தாமதம் என்று சொன்னதில்லை.

மிதிவண்டி நேய நகரங்களைத் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று டெல்லியிலிருந்து வரப்போகிறது என்று தெரிந்ததும், ஆணையர் ஒரு நாள் காரில் ஸ்டேஷன் பக்கம் போனார். காலை பதினோரு மணி. வேலியைப் பார்த்தார். துருவேறிய மட்கார்டுகள், கயிறு கட்டிய கேரியர்கள், சீட்டுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டிய ஐம்பத்தெட்டு உருப்படிகள்.

“இது என்ன?” என்றார்.

“சைக்கிள் சார்” என்றார் பக்கத்தில் இருந்த சுகாதாரப் பிரிவு ஆய்வாளர் ஜெபகுமார்.

“இதையெல்லாம் குழு பார்த்தால் நம் ஊரின் சைக்கிள் பண்பாட்டைப் பற்றி என்ன நினைக்கும்? யாருடையது இது?”

ஜெபகுமார் சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. யாராவது இருந்தால்தான் ஆச்சரியம். அந்த நேரத்தில் ஐம்பத்தெட்டு பேரில் ஒருவர் கிண்டியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார், ஒருவர் மாம்பலத்தில் மாவாட்டிக்கொண்டிருந்தார், கன்னியம்மா குரோம்பேட்டையில் மூன்றாவது மாடிக் கழிப்பறையில் இருந்தாள்.

“கேட்பாரற்ற வாகனமாத் தெரியுது சார். ரூல்படி மூணு நாள் இன்ஸ்பெக்ஷன் பண்ணி, அசையாம இருந்தா ரிமூவ் பண்ணலாம்.”

ஜெபகுமார் சோம்பேறி இல்லை. லஞ்சம் வாங்குபவரும் இல்லை. விதியை எழுத்துப்படி செய்பவர். அதுதான் பெரிய ஆபத்து. செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு வந்து, ஒவ்வொரு சைக்கிளின் பின் மட்கார்டிலும் சாக்பீஸால் எண் போட்டார். சைக்கிள் ஓடினால், யாராவது துடைத்தால், எண் அழியும்; அழியாவிட்டால் அது அசையாத சைக்கிள். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான்.

அன்று மாலை நாலரை மணிக்கு ரயிலிலிருந்து இறங்கிய கன்னியம்மா மட்கார்டைப் பார்த்தாள். 37. பக்கத்துக் கம்பியில் ஏசுபாதம் குனிந்து தன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்டி லேத் பட்டறையில் இருபது வருடமாக இருப்பவர்.

“அக்கா, உன்னுது இன்னா நம்பர்?”

“முப்பத்தேழு. உனுக்கு?”

“முப்பத்தெட்டு. ஸ்டாண்டு கட்டப் போறாங்கக்கா. அங்க ஏரிக்கரைல பச்சை பெயிண்ட் அட்ச்சாங்கல்ல, அதோட சேத்து நமுக்கு ஷெட்டு.”

“யார் சொன்னா?”

“யாரு சொல்லணும்? நம்பர் போட்டுக் கீதுல்ல. வேல இல்லாம வந்து போடுவானா? இந்த நம்பரக் காட்டுனாத்தான் உள்ள இடம் குடுப்பான், பாத்துக்க. அழிச்சுகினு வந்து நிக்காத.”

கன்னியம்மா முந்தானையால் சீட்டைத் துடைத்தாள், கூடையைத் துடைத்தாள், மட்கார்டில் எண்ணைச் சுற்றி மட்டும் விரல் நுனியால் துடைத்தாள். அன்று ராத்திரி தூறியது. அவள் எழுந்து போய் ரேஷன் பையை மட்கார்டின்மேல் கட்டிவிட்டு வந்தாள். வேறு வேறு தெருக்களில் இன்னும் ஐம்பத்தேழு பேரும் ஏறக்குறைய அதையேதான் செய்தார்கள். ஒருவர் எண் லேசாக மங்கியதால், மகனிடம் சாக்பீஸ் வாங்கி மேலே எழுதிக்கொண்டார்.

புதனும் வியாழனும் அதே பதினொன்றரைக்கு ஜெபகுமார் வந்தார். அதே வேலி, அதே கம்பி, அதே சைக்கிள், அதே எண். போட்டோ எடுத்தார். அறிக்கை எழுதினார்: ‘மேற்படி 58 மிதிவண்டிகளும் தொடர்ந்து மூன்று நாட்கள் இம்மியும் அசையாத நிலையில் காணப்பட்டன. உரிமையாளர் எவரும் அருகில் காணப்படவில்லை.’ இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அலுவலக நேரத்தில் போய்ப் பார்த்தால் உழைக்கிறவன் சைக்கிள் எல்லாமே அநாதைதான்.

விதிப்படி அறிவிப்பும் ஒட்டினார்கள். நகராட்சி அலுவலகத்தின் முதல் மாடியில், பிறப்புச் சான்றிதழ் பிரிவுக்குப் பக்கத்தில் உள்ள பலகையில்.

வெள்ளிக்கிழமை மாலை வேலி காலியாக இருந்தது. வெட்டப்பட்ட சங்கிலித் துண்டுகள் கீழே கிடந்தன. ஐம்பத்தெட்டு பேர், ஒவ்வொரு ரயிலிலும் சிலராக, அங்கே வந்து நின்று வேலியைப் பார்த்தார்கள். டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் பூ விற்கிறவர்தான் விஷயத்தைச் சொன்னார். நகராட்சி லாரி வந்தது, ஆட்கள் கட்டரோடு வந்தார்கள், இரண்டு நடை அடித்தார்கள்.

“ஷெட்டுக்கு எடுத்துகினு போயிருப்பாங்களோ?” என்றார் ஏசுபாதம். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

“வாய மூடு” என்றாள் கன்னியம்மா. “உன் பேச்சக் கேட்டு மழையில ஏந்துகினு போய் அந்த நம்பருக்கு குடை புடிச்சேன் நானு.”

நாலு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போனாள். வழியில் ஏரிக்கரைச் சாலை முழுக்கப் பச்சை பெயிண்ட். இருபதடிக்கு ஒரு சைக்கிள் படம். ஒவ்வொரு படத்தையும் மிதித்துக்கொண்டே நடந்தாள்.

சனிக்கிழமை குழாயில் தண்ணீர் வரும் நாள். இரண்டு நாளைக்கு ஒரு முறை, விடியற்காலை நாலிலிருந்து நாலரை வரை வரும். பிடித்து வைத்துவிட்டு ஓடினாலும் ஐந்து பதினைந்து ரயில் போய்விட்டது. ஆறு முப்பத்திரண்டுக்கு விரல் வைத்தாள். ஒன்று. திங்கட்கிழமையும் தண்ணீர். ஆறு இருபத்தொன்பது. இரண்டு.

“இன்னொண்ணு ஆச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது கன்னியம்மா” என்றார் சூப்பர்வைசர் கிறிஸ்டினா. “மிஷின் நேரா காண்ட்ராக்டர் போனுக்கு அனுப்பிடுது. மாசம் முடிய இன்னும் பதினேழு நாள் இருக்கு, பாத்துக்கோ.”

கன்னியம்மா அன்று மாலை நேராக நகராட்சி அலுவலகம் போனாள். ஜெபகுமார் மேசையை மூடிக்கொண்டிருந்தார்.

“என் சைக்கிள் வேணும் சார்.”

“எந்த சைக்கிள்மா?”

“ஸ்டேஷன் வேலில இருந்து தூக்கினு வந்தீங்கல்ல. முப்பத்தேழு.”

“அதுவா. அது கேட்பாரற்ற வாகனம்மா. மூணு நாள் இன்ஸ்பெக்ட் பண்ணோம். அசையவே இல்ல. போட்டோ இருக்கு.”

“எத்தினி மணிக்கு சார் பாத்தீங்க?”

“பதினொன்றரை.”

“பதினொன்றரைக்கு நான் ஆஸ்பத்திரில கக்கூஸ் கழுவிகினு இருப்பேன் சார். சைக்கிள் வேலியிலதான் நிக்கும். வேற எங்க நிக்கும், அதுவும் கூட வந்து கழுவுமா? காலைல அஞ்சு மணிக்கு வந்து பாத்திருக்கணும்.”

“அஞ்சு மணிக்கு ஆபீஸ் கிடையாதும்மா.”

அதற்குமேல் அந்த வாக்கியத்தில் சேர்க்க ஒன்றும் இல்லை என்பதுபோல அவர் பேனாவை மூடினார். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி திறந்தார். “சரி, உங்களுதுதான்னு புரூஃப் குடுங்க. பில் இருக்கா?”

“அது கவர்மெண்டு குடுத்த சைக்கிள் சார். பில்லு எங்க கேப்பேன்?”

“கவர்மெண்ட் குடுத்ததுக்கு கவர்மெண்ட் கிட்ட இருந்து லெட்டர் வேணும். ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் கிட்ட வாங்குங்க. பொண்ணு பேர்ல இருந்ததால, பொண்ணு உங்களுக்குக் குடுத்துட்டதா ஒரு லெட்டர். அப்புறம் உங்க ஆதார், பொண்ணு ஆதார்.”

“எடுக்கறதுக்கு இதுல ஒரு லெட்டராவது வாங்குனீங்களா சார்?”

ஜெபகுமார் பட்டியலை ஒரு தாளில் எழுதி அவளிடம் நீட்டினார். விதியில் அப்படி ஒரு கேள்விக்கு இடம் இல்லை.

அந்த வாரம் முழுக்கக் கன்னியம்மா விடியற்காலை நாலுக்கே கிளம்பி நடந்தாள். தண்ணீர் நாட்களில் குடத்தை மகளிடம் விட்டாள். பரீட்சைக்குப் படிக்கிறவள் குழாயடியில் நின்றாள். ஏரி மதகுக்குப் பக்கத்தில் நாய்கள் துரத்தும். கையில் ஒரு கழியோடு நடந்து, ரயிலில் ஏறும்போது அதை வேலியில், தன் கம்பியில் சாய்த்துவிட்டுப் போவாள். பத்து மணி நேரம் நின்று துடைத்துவிட்டு மாலையில் பள்ளிக்கூடத்துக்கும் நகராட்சிக்கும் அலைந்தாள். கணுக்கால் வீங்கிவிட்டது. மற்ற ஐம்பத்தேழு பேரில் பெரும்பாலோர் ஒரு முறை வந்து, காகிதப் பட்டியலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அத்தனை காகிதத்துக்கும் எடுக்கிற விடுப்புகளில் போகிற கூலி பழைய சைக்கிளின் விலையைவிட அதிகம். ஏசுபாதம் கடன் வாங்கி ஒரு பழைய மொபெட் வாங்கிவிட்டார்.

“நீயும் ஒரு வண்டி பாத்துக்கக்கா. எதுக்கு அவன் பின்னாடி அலையற? பேஜாரு.”

“என் சைக்கிள் எனக்கு வேணும்” என்றாள் அவள். “அவன் தூக்கினு போனா நான் வேற வாங்கணுமா? நாளைக்கு அதையும் தூக்குனா?”

கேட்ட காகிதங்களையெல்லாம் அவள் கொடுத்து முடித்ததும், அந்த வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. ஜெபகுமார் தானே தட்டச்சு செய்து, அறுபது கோப்புகளுக்கு நடுவில் வைத்து, ஆணையரின் கையெழுத்தை வாங்கியிருந்தார். நிறம், அடையாளம் எதுவும் அதில் இல்லை. கைப்பற்றியபோது யாரும் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. சைக்கிள் என்றால் சைக்கிள், அவ்வளவுதான். ‘மனுதாரர் திருமதி கன்னியம்மா என்பவருக்கு நகராட்சி வசமுள்ள மிதிவண்டி 1 (ஒன்று மட்டும்) உடனடியாக ஒப்படைக்கப்பட வேண்டியது.’ கீழே பத்ரிநாராயணன் என்ற கையெழுத்து, அதன்மேல் பாதி விழுந்த வட்ட முத்திரை.

உத்தரவை எடுத்துக்கொண்டு, சைக்கிள்களைக் கொண்டுபோய்ப் போட்டிருந்த நகராட்சிக் குப்பைக் கிடங்குக்குப் போனாள். காவலாளி உள்ளே கையைக் காட்டினார். ஒன்றும் இல்லை.

“ரவுண்டானாவுக்குப் போச்சும்மா. செலைக்கு.”

ஏரிக்கரைச் சாலையின் முனையில் உள்ள ரவுண்டானாவில் நீலத் தார்ப்பாய்க்குள் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு அடி உயரத்தில் ஒரு ராட்சத சைக்கிள் நின்றது. அதன் உடம்பு முழுக்க சைக்கிள். சட்டம் சைக்கிள், சக்கரம் சைக்கிள், ஹேண்டில்பார் சைக்கிள். ‘சுழலும் எதிர்காலம்’ என்று கிரானைட்டில் செதுக்கியிருந்தார்கள். வெல்டிங் வைத்ததால் அதில் ஒரு சக்கரமும் சுழலாது.

கன்னியம்மா தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தேட வேண்டியிருக்கவில்லை. கீழிருந்து இரண்டாவது வரிசை, பின் சக்கரத்தின் அடிப்பகுதியில், தலைகீழாக, ‘எஸ். சத்யபிரியா, 11-இ’. பின் சக்கரப் பூட்டு பூட்டியபடியே இருந்தது. சாவி அவள் மணிபர்சில் இருந்தது.

சிற்பி மெர்வின் முகக்கவசத்தைத் தூக்கினார். தாடி வைத்த, நல்ல சுபாவமுள்ள பையன்.

“பாருங்கக்கா, பாருங்க. ஃபுல்லா வேஸ்ட்ல பண்ணது. எல்லாம் வேண்டாம்னு தூக்கிப் போட்ட சைக்கிள்.”

“தூக்கிப் போடல” என்றாள் கன்னியம்மா. “பூட்டி வச்சிருந்தேன்.”

சாவியை எடுத்துக் காட்டினாள். மெர்வின் சாவியையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு முதல் முறையாக ஏதோ புரிந்தது; புரிந்தது பிடிக்கவில்லை.

“நெறைய சைக்கிள்ல டயர்ல காத்து இருந்துச்சு” என்றார் மெதுவாக. “நானும் யோசிச்சேன்.”

“யோசிச்சிட்டு?”

“டெட்லைன்க்கா.” பிறகு, “இத கட் பண்ணித் தரலாம். ஆனா இந்த பீஸ்தான் லோடு எடுக்குது. இத எடுத்தா மொத்தமும் சாஞ்சிடும்.”

“தெரியும்” என்றாள் அவள். “மூணு வருசமா அதுதான் எடுத்துது.”

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. டெல்லிக் குழு வந்திருந்தது. மூன்று கேமராக்கள் வந்திருந்தன. ஏரிக்கரைச் சாலையிலிருந்து கார்களை அப்புறப்படுத்திப் பச்சைப் பாதையைக் கழுவியிருந்தார்கள். உறுப்பினர்கள் ஓட்டுவதற்கு முப்பது வாடகை சைக்கிள்கள் சரக்கு வண்டியில் வந்து இறங்கின. ஆணையருக்கு மட்டும் நகராட்சிச் செலவில், நகராட்சியின் பெயர் பொறித்து, சிவப்பு நிறத்தில், கியர் வைத்த புது சைக்கிள் ஒன்று வாங்கப்பட்டிருந்தது. முப்பத்தொரு பேரும் தலைக்கவசம் அணிந்து இருநூறு மீட்டர் ஓட்டினார்கள். நாலு பேர் விழுந்தார்கள். மூன்று பேர் நூறு மீட்டரில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே ஆம்புலன்ஸும், அதன் பின்னால் அவர்களை வீட்டுக்குக் கூட்டிப் போகும் கார்களும் ஊர்ந்து வந்தன.

ஆணையர் தன் சைக்கிளையும் மேடைமேல் ஏற்றி, ஓரமாகச் சாய்த்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“அன்பார்ந்த பொதுமக்களே, ஒரு கசப்பான உண்மையைச் சொல்கிறேன். இந்த நகரத்தில் இன்று சைக்கிள் ஓட்டுபவர்கள் யாருமே இல்லை. நம் மக்கள் சைக்கிளை அநாதையாக விட்டுவிட்டார்கள். அப்படி விடப்பட்ட சைக்கிள்களுக்குத்தான் நாம் இங்கே மறுவாழ்வு அளித்திருக்கிறோம்.” கண்ணை மூடிக்கொண்டார். “இங்கே கூடியிருப்பவர்களில், தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் ஒருவராவது உண்டா? இருந்தால் கை தூக்குங்கள் பார்க்கலாம்.”

இது பதில் எதிர்பார்க்கிற கேள்வி இல்லை. கன்னியம்மா கை தூக்கினாள்.

கேமராக்கள் திரும்பின. ஆணையருக்கு வேறு வழி இல்லை. மேலே வரச் சொன்னார். அவள் வீங்கிய காலோடு படி ஏறினாள். பொன்னாடை ஒன்று உடனே அவள் தோளில் விழுந்தது. அது மேடையின் பழக்கம்; ஏறினவர் தோளில் விழும்.

“தினமும் சைக்கிளில் போகிறீர்களா அம்மா?”

“போனேன் சார். இப்ப நடந்து போறேன்.” முந்தானையிலிருந்து உத்தரவை எடுத்து நீட்டினாள். “இது உங்க கையெழுத்து தான சார்?”

அவர் பார்த்தார். “என்னுடையதுதான்.”

“படிங்க சார்.”

மைக் அவர் வாய்க்கு முன்னால் இருந்தது. படித்தார். “மிதிவண்டி ஒன்று மட்டும், உடனடியாக ஒப்படைக்கப்பட வேண்டியது.” குழுவில் இருந்த ஒருவர், தமிழ் தெரியாதவர், ஏதோ திட்டத்தின் பயனாளி என்று நினைத்துக் கைதட்டினார்.

“என்னுது அங்க நிக்குது” என்று கன்னியம்மா சிலையைக் காட்டினாள். “கீழேருந்து ரெண்டாவது. பூட்டு கூட இன்னும் தொறக்கல. அத எடுத்தா உங்க செல சாஞ்சிடும்னு அந்தத் தம்பி சொல்லுது. நான் சாய்க்க வரல. ஒண்ணு மட்டும்னு எழுதிக் கீது. நகராட்சி வசம் இருக்கறதுன்னு எழுதிக் கீது. எதுன்னு எழுதல. இது நகராட்சியுதுதான சார்?”

அவள் சிவப்பு சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

ஆணையர் ஜெபகுமாரைப் பார்த்தார். மேடைக்குக் கீழே நின்ற ஜெபகுமார் தன் வாழ்க்கையில் முதல் முறையாக, கேட்பதற்கு முன்பே பதில் சொன்னார். “உத்தரவுப்படி சரிதான் சார். ஃபைல் க்ளோஸ் ஆயிடும்.”

மூன்று கேமராக்களும் ஆணையரின் முகத்துக்கு அருகே வந்தன. அவர் சிரித்தார். ஜாக்கிரதையாகக் கைதட்டத் தொடங்கினார். முப்பத்து மூன்று உறுப்பினர்களும் தட்டினார்கள். கன்னியம்மா பொன்னாடையை மடித்து மைக் கம்பத்தில் மாட்டிவிட்டு, சைக்கிளைப் படியில் இறக்கி, ஏறி மிதித்தாள். அதற்குள் விழாவுக்கு வந்தவர்களின் கார்கள் பச்சைப் பாதையில் நின்றுவிட்டிருந்தன. அவள் வழக்கம்போல லாரிகளுக்கு நடுவே, சாலையிலேயே ஓட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது: ‘ஏழைப் பெண்ணின் கண்ணீரைக் கண்டு தன் சைக்கிளை வழங்கிய ஆணையர்.’ அவள் அழவில்லை. அந்தப் படத்தில்கூட அழவில்லை. அடுத்த வாரம் வெள்ளேரிப்பாக்கத்துக்கு மூன்றாம் பரிசு அறிவிக்கப்பட்டது. அதற்கு நன்றி சொல்லும் பேனரின் கால்களுக்காகப் பாதையில் மேலும் ஆறு குழிகள் தோண்டினார்கள்.

கன்னியம்மா தினமும் ஐந்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்தாள். முருங்கை மரத்திலிருந்து நாலாவது கம்பியில் சிவப்பு சைக்கிளைக் கட்டினாள். ஏசுபாதத்தின் மொபெட் கட்டண நிறுத்தத்தில் நின்றது. மற்றவர்களில் சிலர் மொபெட், சிலர் ஒன்றாகச் சேர்ந்து பேசி வைத்த ஆட்டோ, இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டார்கள். வேலியில் ஐம்பத்தேழு கம்பிகள் காலியாக இருந்தன. ஒன்பது நாட்களாக மிஷின் அவளைத் தாமதம் என்று சொல்லவில்லை. மாதம் முடிய இரண்டே நாள் இருந்தது.

அன்று மாலை நாலரை மணிக்கு அவள் ரயிலிலிருந்து இறங்கி வந்தபோது, சைக்கிள் அதே இடத்தில்தான் நின்றது. பின் மட்கார்டில் எண் 1 என்று எழுதியிருந்தது. இந்த முறை சாக்பீஸ் இல்லை, துடைத்தாலும் அழியாத பச்சை பெயிண்ட்.